வெளிநாட்டு மாணவர்கள் சாப்பிட வந்தால் மரச்சீனியும் மீனும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளிநாட்டு மாணவர்களைச் சாப்பிட அழைத்தால் பிரியாணி வேண்டாம். நம்ம குமரி மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, தேங்காய் அரைத்த மீன் குழம்பு வையுங்கள். செலவும் குறையும்.

நைஜீரியா, தான்சானியா, காங்கோ பிள்ளைகளுக்கு மரச்சீனி அவர்கள் ஊர்ச் சாப்பாடு; முதல் வாயிலேயே முகம் மலரும். கூட வரும் முஸ்லிம் நண்பருக்கு, கறி ஹலால்தானா என்று கேட்கும் சங்கடம் மீனில் இல்லை. நேபாளத்து இந்து மாணவருக்கும் மாட்டிறைச்சியோ என்ற தயக்கம் வராது. இறால், நண்டு மட்டும் தவிர்த்துவிடுங்கள், சிலர் தொடமாட்டார்கள். குழம்பில் காரத்தைக் குறைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியை (துவையல்) தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர் தொட்டுக்கொள்வார். ஆராதனைக்கு வராதவரையும் அதே அன்போடு அழையுங்கள்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபை மாணவர்களுக்கு இது எல்லா நாளும் சரிவராது. புதன், வெள்ளி, அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் அவர்களுக்கு நோன்பு: கறி, முட்டை, பால் கிடையாது, மீனையும் பலர் தவிர்ப்பார்கள். அப்போது கிழங்கோடு தேங்காயெண்ணெயில் தாளித்த சிறுபயறு போதும். ரமலான் மாதத்தில் முஸ்லிம் மாணவர்களை மதியம் அழைக்காமல், மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அழையுங்கள்.