ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது மாடல் நம்பரைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் சொந்தபந்தம் வந்து சேரும். அந்த வீடியோக்களும், ஸ்கேன் செய்து வைத்த ஐயா, ஆச்சி காலத்துப் படங்களும் கடைசியில் போய்ச் சேர்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில்தான். ஆனால் கடையில், "அண்ணே, ரெண்டு டிபி, விலை கம்மியா ஒண்ணு குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரும்பாலான தவறுகளுக்கு இந்த ஒரு வரிதான் ஆரம்பம்.

அளவு ஒன்றானாலும் டிஸ்க் எழுதும் முறை இரண்டு வகை. சிஎம்ஆர் டிஸ்கில் தடங்கள் தனித்தனியாக ஓடும். எஸ்எம்ஆர் டிஸ்கில், நம் ஊர் வீடுகளின் நாட்டு ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற, அதன்மேல் ஏறியவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். அதனால்தான் நூறு, இருநூறு ஜிபி கல்யாண வீடியோவைக் காப்பி போட்டால், முதலில் விறுவிறுவென்று போய், டிஸ்க் முதலில் எழுதி வைக்கும் இடைக்கால இடம் நிரம்பியதும் திடீரென்று நத்தை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி.

எழுதிப் பத்திரமாக வைக்க மட்டும் என்றால் எஸ்எம்ஆர் போதும். எடிட்டிங்குக்கும், பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டுக்கும் வேண்டாம். சீகேட் பாரகுடாவின் 2 டிபி மாடல் எஸ்டி2000டிஎம்008 எஸ்எம்ஆர்தான். வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் சில மாடல்களைச் சொல்லாமலே எஸ்எம்ஆராக விற்றது 2020-ல் அம்பலமானது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. ஆகவே கடையிலேயே மாடல் நம்பரை போனில் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, பழையதைப் புதியது என்று நம்பி வாங்குவது. சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுவதுதான் நியாயம். மாட்டியவுடன், டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைச் சொல்லும் 'பவர் ஆன் ஹவர்ஸ்' வரியைப் பாருங்கள். புதிய டிஸ்கில் சுழியமோ அதை ஒட்டியோதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கையும் அழித்துவிட முடியும். ஓடித் தேய்ந்த சீகேட் டேட்டா சென்டர் டிஸ்குகள் அப்படிப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிவந்தது. சீகேட்டில் 'ஃபார்ம்' என்ற தனிப் பதிவு இருக்கிறது. இரண்டிலும் மணிக்கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் உதவியைக் கேளுங்கள்.

விண்டோஸை ஹார்ட் டிஸ்கில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடலாம். அதற்குச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போதும், ஹார்ட் டிஸ்க் சேமிக்கத்தான். சிசிடிவிக்கென்று வரும் பர்ப்பிள், ஸ்கைஹாக் டிஸ்குகளை டெஸ்க்டாப்பில் மாட்டினால் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலும் வேகம் குறைந்த ரகம், எடிட்டிங்குக்குத் தோதுப்படாது.

4 டிபி வாங்கி 2 டிபிதான் தெரிகிறது என்று திரும்ப எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் போட்டிருப்பார்கள், ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றினால் முழுதும் வரும். அப்புறம், 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு.

எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. 8 டிபி ஒன்றை வாங்கி, குடும்பத்துப் படம் அத்தனையையும் அதிலேயே கொட்டி வைப்பது. எந்த டிஸ்கும் ஒருநாள் போகும், ரெய்டு போட்டாலும் தவறி அழித்தது அழிந்ததுதான். அதற்குப் பதிலாக 4 டிபி இரண்டு வாங்கி, ஒன்றில் காப்பி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். சென்னையில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டாலும் சரி.

பில்லில் சீரியல் நம்பரை எழுதித்தரச் சொல்லி, கம்பெனி இணையதளத்தில் வாரண்டி தேதியைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.