கணினிக் கடிகாரம் பின்தங்குகிறதா?

ஊருக்குப் போக தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தட்கல் போடும் டெல்லிவாசிகள் முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்குத் திறப்பது ரயில்வே சர்வரின் நேரப்படி. உங்கள் கணினி இரண்டு நிமிடம் பின்னால் இருந்தால் பெர்த் போயே போச்சு.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானை ஆன் செய்து, ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். அவ்வளவுதான். அப்புறமும் மணிக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் டைம் ஸோன் தப்பு. ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

கணினி நேரம் கேட்டுவாங்கும் நேர சர்வரை மாற்ற விரும்பினால் இங்கே பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரையே கொடுக்கலாம். இந்திய நேரத்தைப் பராமரிப்பதே அவர்கள்தான். (அதன் முதல் இயக்குநர் நம்ம தமிழ் இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன்!) ஆபீஸில் சிங்க் ஆக மறுத்தால், நேரத் தகவல் வரும் வழியான யுடிபி 123 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கலாம்; ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் டெஸ்க்டாப் பழைய தேதிக்கே ஓடுகிறதா? மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 தான், நேரு பிளேஸில் கிடைக்கும். அதை மாற்றும்வரை, தேதி தப்பாக இருப்பதால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வங்கித் தளங்கள்கூடத் திறக்க அடம்பிடிக்கும்.