ஒரு பிளேடு மட்டும் மூடவில்லை
காற்றுக் குழாயில் (டக்ட்) பிளேடுகளைத் திருப்பிக் காற்றை அடைக்கும் கதவுதான் டேம்பர். அதைத் திருப்பும் மோட்டார் 90 டிகிரி முழுசாகத் திரும்புகிறது. டேம்பரோ மூடவில்லை, காற்று உஸ்ஸென்று கசிகிறது. மோட்டார்தான் போச்சு என்று நினைத்தேன். நல்லவேளை, புதுசு வாங்கவில்லை. டக்டின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஐந்து பிளேடில் நடுவில் ஒன்று மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் தண்டைப் பிடித்துத் திருப்பும் கையான கிராங்க்கில் ஸ்க்ரூ லூஸ்.

மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரை டேம்பர் தண்டோடு பிணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். பிளேடுகளைக் கையால் முழுக்க மூடிப் பிடித்தபடி ஸ்க்ரூவை முறுக்கினேன். அப்புறம் மோட்டாரை அதன் மூடும் முனைக்கு 5 டிகிரி முன்னால் நிறுத்திக் கிளாம்ப்பை இறுக்கினேன். மிச்சமுள்ள அந்த 5 டிகிரிதான் ரப்பர் சீலை அழுத்திப் பிடிக்கிறது.

சரி, எண்ணெய்? தண்டு சுழலும் இடத்தில் இருப்பது நைலான் புஷ் (வளையம்), அதனால் விடவில்லை. விட்டால் தூசிதான் அப்பிக்கொள்ளும்.