பயணப் புகைப்படம்: படம் சரி, அது சொல்வது சரியா?

பயணப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள் என்றதும் சாய்ந்த அடிவானம், கை ஆடி மங்கிய படம், தலைக்குப் பின்னால் முளைத்த விளக்குக் கம்பம் என்று ஒரு பட்டியல் வரும். அவற்றை எளிதில் திருத்திக்கொள்ளலாம். பாதியைப் போனே திருத்திவிடும். நான் சொல்ல வருவது வேறு ரகம். கூர்மையாக, வெளிச்சம் அழகாக விழுந்து, பார்த்தவுடன் 'அடடா' போட வைக்கிற படம், அந்த ஊரைப் பற்றித் தப்பாக எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். எடுத்தவருக்கே அது தெரியாது.

இது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இணையத்தில் பல முறை பார்த்த ஒரு கோணம் மனதில் பதிந்திருக்கும். அங்கே போய், அதே இடத்தில் நின்று, அதே படத்தை இன்னொரு முறை எடுத்துவிட்டுத் திரும்புவோம். ஈஃபில் கோபுரம் என்றால் எதிரே உள்ள ட்ரொகாடெரோ மேடையிலிருந்து, மச்சு பிச்சு என்றால் காவலர் குடிலுக்குப் பக்கத்திலிருந்து. சரி, அதையும் எடுங்கள், ஆசை தீரட்டும். அப்புறம் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் பாருங்கள். போனை உயர்த்திப் பிடித்த கூட்டம், வரிசையில் களைத்து நிற்பவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். அந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் அங்கேதான் கிடைக்கும்.

மனதில் இருக்கும் கதைக்குப் பொருந்தாததை வெட்டிவிடுவது இதைவிட மோசம். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களை ஏறத்தாழ 30 ஆண்டுகள் படமெடுத்தவர் எட்வர்ட் கர்ட்டிஸ். 1910 வாக்கில் எடுத்த ஒரு படத்தில், பீகன் இனத்தைச் சேர்ந்த இருவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூலப் படத்தில் இருவருக்கும் நடுவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அச்சில் வந்த படத்தில் அதைக் காணோம், அழித்துவிட்டார்கள். பழைய உலகம் ஒன்று மறைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் கர்ட்டிஸ் சொல்ல நினைத்த கதை. தன் காலத்தோடு சேர்ந்து வாழும் மனிதர்களுக்கு அதில் இடமில்லை.

1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியாகிரபிக் இரண்டு பிரமிடுகளைக் கணினியில் கொஞ்சம் நெருக்கி வைத்தது. அகலவாக்கில் எடுத்த படம் நீளவாக்கு அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக! அதைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கடிகாரத்தை நீக்கியதுதான் பெரிய தப்பு. பிரமிடு நகர்ந்ததால் எகிப்து மக்களைப் பற்றி யாரும் எதையும் தவறாக நம்பிவிடப் போவதில்லை. கடிகாரம் போனதால், ஒரு சமூகமே கடந்த காலத்தில் உறைந்து நிற்பதாகத் தோன்றுகிறது.

நாம் இதற்கு மென்பொருளைத் தேடக்கூட வேண்டாம். இரண்டு அடி நகர்ந்து நின்றால் டிஷ் ஆன்டெனாவும் மோட்டார் சைக்கிளும் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். 'காலம் தொடாத கிராமம்' தயார். எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் கொண்டுவர முடியாதுதான். ஆனால் எதையாவது ஒதுக்கும்போது காரணத்தைக் கேட்டுக்கொள்ளலாம். கண்ணை உறுத்துகிறது என்றால் ஒதுக்குங்கள். நீங்கள் நினைத்து வந்த ஊரைக் கெடுக்கிறது என்றால், அதையும் சேர்த்தே எடுங்கள்.

லென்ஸும் இப்படிப் பொய் சொல்லும். 2020 கொரோனா காலத்தில் டென்மார்க் புகைப்படக்காரர்கள் இருவர் ஒரே கூட்டத்தைத் தூரத்திலிருந்து டெலி லென்ஸிலும் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவது) கிட்டே நின்று வைட் லென்ஸிலும் (அகலமான காட்சியை அடக்குவது) எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் மக்கள் முட்டிமோதுவது போல இருந்தது, மற்றதில் தாராளமாக இடைவெளி. உண்மையில் வேலையைச் செய்வது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். ஒரே உயரமுள்ள இருவர் 10 மீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆளுக்கு 5 மீட்டர் முன்னால் நீங்கள் நின்றால், பின்னால் இருப்பவர் அவரில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் தெரிவார். 100 மீட்டர் தள்ளிப் போய் ஜூம் செய்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒட்டி நிற்பது போல இருக்கும். சாதாரணச் சந்தை நெரிசலாகத் தெரிவதும், தொலைவில் உள்ள மலை ஊர்த் தலைமேல் கவிழ்வது போல வருவதும் இதனால்தான். இரண்டு தூரத்திலிருந்தும் எடுத்துவிட்டு, நேரில் உணர்ந்ததற்கு எது கிட்டே வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைக் காட்சிப் பொருளாக்குவது பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1984இல் பாகிஸ்தானில் பெஷாவருக்கு அருகே ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம், அடுத்த ஆண்டு ஜூனில் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண்கள், கேமராவை நேராகத் துளைக்கும் பார்வை. அந்தப் பார்வையில் போரின் பயத்தையும் அகதிகளின் துயரத்தையும் உலகமே படித்தது. அவர் பெயரை மட்டும் யாரும் குறித்து வைக்கவில்லை. ஷர்பத் குலா என்ற அந்தப் பெயர் 2002இல், தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வெளியே தெரிந்தது. படமெடுத்த நாளைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது கோபம்: முன்பின் தெரியாத ஓர் ஆள் தன்னைப் படமெடுக்கிறார் என்ற கோபம். கண்ணில் இருந்தது ஒன்று, நாம் படித்தது இன்னொன்று. படமெடுத்தவர்மீது அந்தச் சிறுமிக்கு இருந்த உணர்ச்சியை, சிறுமியின் நாட்டைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டோம்.

ஆகவே தெருவில் ஒரு முகத்தை எடுக்கும்போது, அதில் தெரியும் இறுக்கம் உங்களால் வந்ததாகவும் இருக்கலாம். 'கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்' என்பார்கள். போகும், கொஞ்ச நேரத்துக்கு. கேட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள், அவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வேண்டாம் என்று கை காட்டினால் விட்டுவிடுங்கள். குழந்தை என்றால் பெரியவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானாகவே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அந்தி வெளிச்சத்தின் செம்மையைக் கோளாறு என்று நினைத்துக் கழுவிவிடும், 'டேலைட்' அமைப்பில் வைத்தால் தப்பிக்கும். அதற்காக நிறத்தைப் பிழிந்து ஏற்றினால் எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடும்.

கடைசியில் படக்குறிப்பு. பெஞ்சில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். கீழே 'தனிமை' என்று எழுதினால் மனது கனக்கும். 'பேருந்து இன்னும் வரவில்லை' என்று எழுதினால் கனக்காது. அவர் முகம் மாறவே இல்லை. முன்னும் பின்னும் எந்தப் படத்தை வைக்கிறோம் என்பதும் இதே வேலையைச் செய்யும்: அவருக்கு அடுத்து இடிந்த வீட்டை வைத்துப் பாருங்கள், தெரியும். அவரிடம் பேசாதவரை அவருடைய மனநிலையை எழுதும் உரிமை நமக்கில்லை. எந்த இடம், எந்த நாள், என்ன நடந்துகொண்டிருந்தது, இவ்வளவு போதும். இவற்றை அன்று இரவே எழுதிவிடுங்கள். வேறு நேர மண்டலத்துக்குப் போனால் கேமராவின் கடிகாரத்தையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காலைப் படம் நள்ளிரவில் எடுத்ததாகப் பதிவாகி, போனில் எடுத்த படங்களோடு வரிசை சேராது.