சுட்டி எத்தனை போடலாம்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

இணையக் கட்டுரையில் போடும் சுட்டி, அதாவது லிங்க், பற்றி "ஒரு பக்கத்தில் நூறு லிங்க்கைத் தாண்டக் கூடாது" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது கூகுள் ஒரு காலத்தில் தந்த அறிவுரை. அப்போது கூகுள் ஒரு பக்கத்தில் சுமார் 100 கிலோபைட் வரைதான் தேடலுக்கு எடுத்துக்கொள்ளும். நூறு என்ற கணக்கு அதையொட்டி வந்தது. அந்த வரம்பு எப்போதோ போய்விட்டது, நூறு மட்டும் நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால் முந்நூறு சொல்லுக்கு மூன்று, நான்கு போதும். அதற்கு மேல் போடுகிறவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

கண்ணில் பட்டதற்கெல்லாம் சுட்டி போடுவதுதான் பெரிய தவறு. ஜல்லிக்கட்டு பற்றிய கட்டுரையில் மதுரை, பொங்கல், காளை எல்லாம் நீல நிறத்தில் இருக்கும். மதுரை எங்கே இருக்கிறது என்று தேடியா ஒருவர் அதைப் படிக்க வருகிறார்? அவருக்கு வேண்டியவை 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2017 தமிழ்நாடு சட்டத் திருத்தம், அதைச் செல்லும் என்ற 2023 தீர்ப்பு. மூன்றே சுட்டிகள். அவையும் தீர்ப்பைப் பற்றிய செய்திக்குப் போகாமல் தீர்ப்புக்கே போக வேண்டும். அன்றாடச் சொற்களுக்கு இணைப்பு வேண்டாம் என்பது விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டிலும் உண்டு.

இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள். "ஆய்வுகள் சொல்கின்றன" என்று எழுதிவிட்டு ஒரு சுட்டிகூடத் தர மாட்டார்கள்.

எந்தச் சொல்லில் சுட்டி போடுகிறோம் என்பதில் இன்னொரு கோளாறு. "இங்கே", "இதில்" என்று போட்டால், திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் பார்வையற்றவர் காதில் "இங்கே, இங்கே, இங்கே" என்றுதான் விழும். "2023 தீர்ப்பின் முழு வடிவம்" என்று போடுங்கள். வேற்றுமை உருபையும் சேர்த்தே சுட்டிக்குள் கொண்டுவாருங்கள். "கூகுளில்" என்பதில் "கூகுள" வரை மட்டும் பிடித்தால், வெளியே நிற்கும் இகரக் குறி சில திரைகளில் புள்ளி வட்டத்தோடு பிரிந்து தெரியும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இணைய முகவரியை அப்படியே ஒட்டுவது தமிழில் கூடுதல் தொல்லை. நகலெடுக்கும்போது எழுத்து, துணைக்கால், புள்ளி என ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகள் கலந்த ஒன்பது எழுத்தாக விரிகிறது. ஒன்பது குறி கொண்ட "தமிழ்நாடு" என்ற ஒரு சொல் 81 எழுத்து! கைபேசித் திரையில் பாதி அதற்கே போய்விடும்.

விளம்பரத்துக்குக் காசு வாங்கிப் போட்ட சுட்டி என்றால் அதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். கூகுளுக்கும் சொல்ல வேண்டும். அதற்கென்றே 2019 முதல் தனிக் குறிச்சொல் இருக்கிறது.

கடைசியாக, செத்த சுட்டிகள். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. முக்கியமான சான்று என்றால், கட்டுரையை வெளியிடும் அன்றே அந்தப் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து, அந்த நகலின் முகவரியையும் சுட்டிக்கு அருகிலேயே கொடுத்துவிடுங்கள். பழைய கட்டுரைகளை ஆண்டுக்கொரு முறை திறந்து சுட்டிகளைச் சொடுக்கிப் பார்ப்பதும் நல்லது. அப்போதுதான் மூன்று சுட்டி போட்டவருக்கும் முப்பது போட்டவருக்கும் வேலையில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்.