தோல்வியே இல்லாத சீசன் ஒன்றைச் சரியாகப் படிப்பது எப்படி: சுவானி, 1899

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலின் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பழைய பதிவுகளைப் புரட்டினால் "12-0" போன்ற வரிகள் அடிக்கடி கண்ணில் படும். பன்னிரண்டு மேட்ச், பன்னிரண்டும் வெற்றி. சிலர் வாய் பிளந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், சிலர் "அந்தக் காலத்தில் எதிரே ஆள் யார் இருந்திருப்பார்கள்" என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது, அதை 1899-ஆம் ஆண்டு சுவானி அணியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சுவானி என்பது டென்னசி மாநிலத்தில் கம்பர்லண்ட் பீடபூமி மேல் இருக்கும் சின்ன ஊர். அங்கே 'யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத்' என்ற சிறிய பல்கலைக்கழகம், எபிஸ்கோபல் திருச்சபை நடத்துவது. கோச் பில்லி சூட்டர், கேப்டன் ஹென்றி சைபல்ஸ், மேனேஜர் லூக் லீ.

முதலில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். தேதியையும் ஊரையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நவம்பர் மாதத்தின் ஒரு வாரம் இப்படி வரும் (கடைசியில் இருக்கும் ஸ்கோர் பின்னால் பயன்படும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்):

நவம்பர் 9, வியாழன்: ஆஸ்டினில் டெக்சஸ், 12-0
நவம்பர் 10, வெள்ளி: ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0
நவம்பர் 11, சனி: நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0
நவம்பர் 13, திங்கள்: பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), 34-0
நவம்பர் 14, செவ்வாய்: மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம், 12-0

ஆறு நாளில் ஐந்து மேட்ச், எல்லாம் வெளியூர், எதிரணிக்கு ஒரு பாயின்ட் கூடக் கிடையாது. இதை எழுதியபின் ஒரு மேப்பைத் திறந்து ஊருக்கு ஊர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டனில் வெள்ளிக்கிழமை ஆடி முடித்தவர்கள் 550 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய் மறுநாளே நியூ ஆர்லியன்ஸில் களமிறங்கியிருக்கிறார்கள். பேட்டன் ரூஜிலிருந்து மெம்ஃபிஸுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. மொத்தப் பயணம் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். போனது 21 ஆட்டக்காரர்கள். வழியில் கிடைக்கும் தண்ணீர் வயிற்றைக் கெடுத்துவிடக் கூடாதென்று சுவானி ஊற்றுத் தண்ணீரையே பீப்பாயில் பிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டார்கள். வெறும் 12-0 என்ற சீசன் கணக்கில் இது எதுவுமே தெரியாது, அதனால்தான் தேதியில் தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி, இப்படி ஒரு பயணத்தை யார் போட்டார்கள், எதற்காக? பழைய சீசன் எதுவானாலும் இதைக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் பணத்தில் போய் நிற்கும். சுவானிக்கு வழக்கமாக நல்ல வசூல் தரும் எதிரணி நாஷ்வில்லின் வாண்டர்பில்ட். கேட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு வந்து அந்த மேட்ச் அட்டவணையிலிருந்து போய்விட்டது. அந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் லீ ஒரே பயணத்தில் இத்தனை மேட்சுகளைக் கோத்தார். அப்போது அவருக்கு 20 வயது, மாணவர். இதே மனிதர்தான் பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனார்.

இப்போது ஸ்கோருக்கு வரலாம். இங்கேதான் நிறைய பேர் இன்றைய விதியை வைத்துப் படித்துத் தடுமாறுகிறார்கள். 1899-இல் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) 5 பாயின்ட், அதற்குப் பின் வரும் கூடுதல் உதைக்கு 1, ஃபீல்டு கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு இடையே அனுப்புவது) 5, சேஃப்டிக்கு (பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) 2. இந்த நான்கு எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்கோரையும் உடைத்துப் பாருங்கள். 12 என்றால் பெரும்பாலும் இரண்டு டச்டவுன், இரண்டு உதையும் உள்ளே. 10 என்றால் பெரும்பாலும் ஐந்து பாயின்ட் இரண்டு முறை, கூடுதல் உதை எதுவும் சேரவில்லை. டிசம்பர் 2 அன்று நார்த் கரோலினாவை 5-0 என்று வென்றார்கள். இது உதை தவறிய டச்டவுனாகவும் இருக்கலாம், ஃபீல்டு கோலாகவும் இருக்கலாம், ஸ்கோர் மட்டும் அதைச் சொல்லாது. இப்படிப்பட்ட இடத்தில் ஊகித்து எழுதிவிடாதீர்கள், அன்றைய நாளிதழ் செய்தியைத் தேடுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது, தேதியும் மாநிலமும் கொடுத்தால் தேடலாம். மேட்ச் நடந்த ஊரின் பேப்பர், எதிரணி ஊரின் பேப்பர் இரண்டையும் பாருங்கள், ஒரே மேட்சை இரண்டும் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கும்.

ஆட்டமும் இன்றைய ஆட்டம் இல்லை. முன்னோக்கிப் பந்தை வீசுவது 1906 வரை தடை. மூன்று டவுனில் (டவுன் என்றால் பந்தை முன்னே கொண்டுபோகும் ஒரு முயற்சி) 5 யார்டு போக வேண்டும், மைதானம் 110 யார்டு, ஒரு பாதி 35 நிமிடம் (இருட்டிவிட்டால் பேசிவைத்துக் குறைத்துக்கொள்வார்கள், அதையும் செய்தியில் கவனியுங்கள்). மாற்றப்பட்டு வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் ஒரே ஆள் தாக்குதலிலும் தடுப்பிலும் கடைசி வரை நிற்பார், மறுநாளும் அவரேதான். இந்த விதியைத் தெரிந்துகொண்டு மேலே உள்ள ஐந்து வரியை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, எதிரணிகள் எவ்வளவு வலு? இதில் நேர்மை வேண்டும். டெக்சஸ், எல்.எஸ்.யூ. என்ற பெயர்களைப் பார்த்ததும் இன்றைய பிரம்மாண்ட ஸ்டேடியங்கள் ஞாபகம் வரும், அதை ஓரமாக வையுங்கள். டெக்சஸ், டுலேன், எல்.எஸ்.யூ., மிசிசிப்பி நான்குமே 1893-இல்தான் இந்த ஆட்டத்தைத் தொடங்கின, 1899-இல் அவை இளம் அணிகள். இன்னொரு கணக்கும் போடுங்கள்: சுவானி அந்த சீசனில் மொத்தம் எடுத்தது 322 பாயின்ட், அதில் 171 சொந்த ஊரில் ஆடிய மூன்றே மேட்சில் வந்தது (டென்னசி 46, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் 54, கம்பர்லண்ட் 71). மீதி ஒன்பது மேட்சுக்கும் சேர்த்து 151. ஆக, 322 என்ற எண் இந்த அணியின் பெருமையைச் சரியாகச் சொல்லவில்லை. ரயிலிலிருந்து இறங்கிக் களைப்போடு எடுத்த 12-உம் 10-உம்தான் கனமானவை என்பது என் முடிவு.

அப்புறம், தோற்காத சீசன் ஒவ்வொன்றிலும் தோற்றிருக்கக்கூடிய மேட்ச் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து அதில் நேரம் செலவிடுங்கள். சுவானிக்கு அது நவம்பர் 30, நன்றி செலுத்தும் நாள், மான்ட்கோமரியில் ஆபர்னுக்கு எதிராக, 11-10. சீசன் முழுவதிலும் சுவானி விட்டுக்கொடுத்தது இந்தப் பத்துப் பாயின்ட்தான். ஐந்தைந்தாகப் பிரித்தால் இரண்டு அணியும் சமம், சுவானியிடம் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு உதை. ஆபர்னின் கோச் யார் தெரியுமா? ஜான் ஹைஸ்மன், இன்று சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் அந்த 5-0. சீசனின் கடைசி இரண்டு மேட்சும் நூலிழையில் தப்பியவை, இதையெல்லாம் "12-0" ஒரே மட்டமாக்கிவிடுகிறது.

அந்த அணிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிடுங்கள். சுவானி 1932-இல் எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) லீக்கைத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் ஒன்று, ஆனால் அந்த லீகில் ஒரு மேட்ச் கூட வெல்லாமல் 1940-இல் வெளியேறியது. ஆட்டம் பெரும்பணமான பிறகு சின்னக் கல்லூரி தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இந்த முறை பழகிவிட்டால் வேறு சீசன்களுக்குப் போகலாம், ஆனால் பாயின்ட் பட்டியலை மறக்காமல் மாற்றுங்கள். 1888-இல் யேல் 13 மேட்சில் 698-0 என்று முடித்தது. அப்போது டச்டவுனுக்கு 4, உதைக்கு 2. மிச்சிகனின் 1901 சீசன் 550-0, அதற்கு 1899-இன் பட்டியலே பொருந்தும். அதன் கடைசி மேட்ச் 1902 ஜனவரி 1 அன்று பசடேனாவில், ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 49-0. அதில் ஸ்டான்ஃபோர்டு போதும் என்று கேட்டுக்கொண்டதால் நேரம் முடியும் முன்பே ஆட்டம் நின்றது, அந்த 49-ஐ முழு மேட்சின் ஸ்கோராக எடுத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.