பைப் கடை இருப்பு நோட்டை டேலிக்கு மாற்றுவது எப்படி?

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வது, கம்பெனி உருவாக்குவது, லெட்ஜர் திறப்பது எல்லாம் யூடியூபில் கிடைக்கும், அதை இங்கே எழுதப்போவதில்லை. பில்லை டேலியில் போட்டுக்கொண்டு, சரக்கு இருப்புக்கு மட்டும் இன்னும் நீள நோட்டை நம்பிக்கொண்டிருக்கும் கடைகளுக்கான பதிவு இது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நிறையக் கடைகள் இப்படி அரைகுறையாகத்தான் மாறின. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக பில் கம்ப்யூட்டருக்குப் போனது, இருப்பு மட்டும் குடோன்காரர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் கணக்கு பார்க்கும் பிளம்பிங் மொத்தக் கடையும் இதே கதைதான். இப்போது இருப்பும் டேலிக்குள் வந்து, சொன்ன எண்ணிக்கை ரேக்கில் இருக்கிறது.

1. முதலாளியிடம் இரண்டு தேதி வாங்குங்கள்

தொடங்கும் தேதி ஒன்று, நோட்டை மூடும் தேதி ஒன்று. இரண்டாவது கிடைக்காமல் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். நோட்டு மேசையில் இருக்கும்வரை எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள், "கம்ப்யூட்டர்ல அப்புறம் ஏத்திக்கலாம்" என்பார்கள், கணக்கு உதைக்கும்போது முதலாளியே நோட்டைத்தான் நம்புவார்.

ஏப்ரல் 1 நல்ல நாள் என்று ஆடிட்டர் சொல்வார். கணக்குக்கு நல்ல நாள்தான், ஆனால் மார்ச் கடைசியில் கம்பெனி டார்கெட், இயர் எண்ட், வசூல் என்று யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. என் ஓட்டு ஆடி மாதத்துக்கு. கிரகப்பிரவேசம் கிடையாது, புது வேலை தொடங்குவதும் குறைவு, குடோனில் நிம்மதியாக எண்ணலாம். ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வருடத்தின் நடுவில் தொடங்கினால் எண்ணிய சரக்கை ஸ்டாக் ஜர்னலில் (பில் இல்லாமல் சரக்கை ஏற்ற, மாற்ற டேலியில் இருக்கும் பதிவு) விலையோடு உள்ளே ஏற்ற வேண்டும். எண்ணியதைப் பதிய இருக்கும் பிசிக்கல் ஸ்டாக் வவுச்சரில் எண்ணிக்கை மட்டும்தான் போகும், விலை போகாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

2. ஐட்டம் பெயர்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

டேலியில் இருக்கும் ஐட்டம் பட்டியலை எக்செலுக்கு எக்ஸ்போர்ட் செய்து அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எங்கள் பட்டியலில் "முக்கால் எல்போ", "எல்போ 3/4", "20 எம்எம் எல்போ சிபி" என்று மூன்று ஐட்டம் இருந்தது. மூன்றும் ஒரே பொருள். கொள்முதல் ஒரு பெயரில் ஏறியிருக்கும், விற்பனை இன்னொரு பெயரில் இறங்கியிருக்கும், ஒன்றில் மலை போல இருப்பு, இன்னொன்றில் மைனஸ். சரி, மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எக்செலில் ஒரே அடியாக ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டால் அங்கேதான் ஆபத்து. சிபிவிசி பைப்பில் (பட்டியலில் "சிபி" என்றிருப்பது இதுதான்) 20 எம்எம் என்றால் முக்கால் இஞ்ச், வெளி விட்டத்தை அளந்தால் 22 எம்எம் சொச்சம் வரும். விவசாயத்துக்குப் போகும் பிவிசி பைப்பில் 20 எம்எம் என்றால் வெளி விட்டமே 20 எம்எம்தான். ஒன்றில் இன்னொன்று ஏறாது. நம்பர் ஒன்று, சரக்கு வேறு.

அதனால் அந்தப் பட்டியலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போங்கள், குடோன் அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துப் பெயர் வையுங்கள். எங்கள் அண்ணன் ஒரு மூட்டையைப் பிரித்து, "தம்பி, கம்பெனி லிஸ்ட்ல இது கப்ளர், பிளம்பர் வந்து காலர்னுதான் கேப்பான், நீங்க எதைப் போட்டாலும் நான் எடுத்துக் குடுத்துருவேன், புதுப் பையன் என்ன செய்வான்?" என்றார். டேலியில் இதற்குத்தான் ஏலியஸ், அதாவது மாற்றுப் பெயர் இருக்கிறது, ஒரே ஐட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்கலாம். பெயரில் ரகம், அளவு, பொருள், பிராண்ட் என்று ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏலியஸில் கவுண்டரில் வாயில் வருவதை எல்லாம் போட்டுவிடுங்கள், காலர் உட்பட.

உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தீர்கள், எச்எஸ்என்னையும் (ஜிஎஸ்டியில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் உள்ள எண்) முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைப்பும் ஃபிட்டிங்கும் 3917. பால் வால்வு பிளாஸ்டிக்கில் இருந்தாலும் 8481. இரண்டுக்கும் 18 சதவீதம் என்பதால் தப்பாக இருந்தாலும் வரித் தொகை மாறாது, யார் கண்ணிலும் படாது, ரிட்டர்னில் கொடுக்கும் எச்எஸ்என் சம்மரியில்தான் போய் இடிக்கும்.

பெயர் சரியான பட்டியலை டேலிபிரைம் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷன் என்றால் எக்செலிலிருந்தே உள்ளே இழுக்கலாம். பழைய வெர்ஷன் வைத்துக்கொண்டு கையால் அடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

3. யூனிட்

பெட்டி, பீஸ் இரண்டிலும் விற்பவர்கள் காம்பவுண்ட் யூனிட் (ஒரு பெட்டிக்கு இத்தனை பீஸ் என்று இரண்டைச் சேர்த்து உருவாக்கும் யூனிட்) பக்கம் போகாதீர்கள். எல்போ பெட்டிக்கு ஒரு எண்ணிக்கை, டீ ஃபிட்டிங் பெட்டிக்கு வேறு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் தனி யூனிட் உருவாக்க வேண்டியிருக்கும். ஆல்டர்நேட் யூனிட், அதாவது பீஸோடு பெட்டியை இரண்டாவது யூனிட்டாக, ஐட்டத்துக்கு ஐட்டம் வைத்துக்கொள்ளலாம். பைப்புக்கு யூனிட் லென்த், அதாவது ஒரு முழு பைப். 3 மீட்டரும் 5 மீட்டரும் தனித்தனி ஐட்டம், விவாதமே வேண்டாம்.

4. எண்ணுதல்

ஷட்டரை இறக்கிவிட்டு எண்ணுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, முடித்த ரேக்கில் சாக்பீஸ் கோடு. எண்ணுபவர் கையில் பழைய நோட்டைக் கொடுக்கவே கூடாது. நோட்டில் 140 என்றிருந்தால் ரேக்கிலும் 140 வந்துவிடும்.

5. சீட்டு இல்லாமல் சரக்கு இல்லை

குடோன் அண்ணனை கம்ப்யூட்டரில் உட்கார வைக்க வேண்டும் என்று அவசியமில்லை. அவருக்கு பிரிண்ட் ஆன டெலிவரி சீட்டு போதும், சீட்டைப் பார்த்தால் லோடு ஏற்றுவார், பார்க்காவிட்டால் ஏற்ற மாட்டார். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சம் ரூபாய் தாண்டினால் சரக்கோடு இ-வே பில் (ஜிஎஸ்டி போர்ட்டலில் எடுக்கும் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும் என்பதால் பெரிய லோடுக்கு பில் முதலில் என்ற பழக்கம் ஏற்கனவே வந்திருக்கும். நழுவுவது சின்ன லோடுதான். வாடிக்கை பிளம்பர் போன் பண்ணுவார், பையன் பைக்கில் கொண்டுபோவான், பில் சாயங்காலம், சில நாள் மறுநாள்.

டேலி மைனஸ் இருப்புக்கு எச்சரிக்கை காட்டும், என்டர் தட்டினால் விட்டுவிடும், நம்ம ஆட்கள் எல்லோருமே தட்டுவார்கள். அதனால் தினமும் கடை அடைக்கும் முன் நெகட்டிவ் ஸ்டாக் ரிப்போர்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். டேலியிலேயே எனக்குப் பிடித்த ரிப்போர்ட் அதுதான், அன்று எந்தச் சரக்கு சீட்டில்லாமல் போனது, எதைத் தப்பான பெயரில் பில் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பார்கோடு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மூட்டையில் வரும் அரை இஞ்ச் ஃபிட்டிங்கில் எங்கே ஒட்டுவீர்கள்? தனி ஸ்டாக் ஆப்பும் வேண்டாம். பில் இருக்கும் இடத்தில்தான் இருப்பும் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இரண்டு குடோன் வைத்திருப்பவர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை பில்லாகப் போடாதீர்கள், அதற்கும் ஸ்டாக் ஜர்னல்தான்.

இன்னொன்று: எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒருவர், முதல் எண்ணிக்கையே நோட்டோடு அப்படியே ஒத்துப்போனது, ஆனால் போகப்போக சரக்கு குறைகிறது என்று எழுதியிருந்தார். அப்படியே ஒத்துப்போனது என்றாலே சந்தேகப்படுங்கள். வித்தியாசம் வந்தால் திருட்டுப் பட்டம் நம் தலையில் விழும் என்று குடோனில் பயம் இருக்கும், நோட்டைப் பார்க்காவிட்டாலும் பழைய எண்கள் அவர்களுக்கு மனப்பாடம். எண்ணத் தொடங்கும் முன் முதலாளியே எல்லோரையும் நிற்க வைத்து, "இன்னைக்கு வரைக்கும் இருக்குற வித்தியாசம் யார் சம்பளத்துலயும் பிடிக்க மாட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ சொன்னால் எடுபடாது. அவர் சொல்ல மறுத்தால் எண்ணுவதைத் தள்ளிப்போடுங்கள். அந்தக் கடைக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டு மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.